பார்க்காத பங்கு

அந்தக் கல்லை இப்படிக் குடுங்க சார். ஐயோ, பயப்படாதீங்க, எடுத்துட்டு ஓடிற மாட்டேன். ஓடுற பஸ்ல எங்க ஓடுறது? பந்தலூர்ல ஏறுனதுலருந்து பாக்குறேன், கைக்குட்டைய அவுக்குறீங்க, பாக்குறீங்க, மூடுறீங்க, மறுபடி அவுக்குறீங்க. பொறந்த புள்ளையக்கூட யாரும் இத்தன தடவ பாக்க மாட்டாங்க. ஓடையில பொறுக்குனதா? போன்ல வீடியோ பாத்துட்டுத் தேடி வந்தீங்களா? அது சரி. தங்கம்னா யாருக்குத்தான் ஆசை இல்ல.

கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகருங்க, வெளிச்சம் வேணும். ம், மின்னுது. மின்னுறதுதான் சார் வம்பே. இப்படித் திருப்புனா பளிச்சுங்குது, அப்படித் திருப்புனா அணைஞ்சு போகுது, பாத்தீங்களா? இப்ப என் உள்ளங்கையால நிழல் கட்டுறேன், பாருங்க. ஒண்ணுமே தெரியலல்ல? தங்கமா இருந்தா நிழல்லயும் அதே மஞ்சளாத்தான் நிக்கும். எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரே மூஞ்சிதான் அதுக்கு. வெயிலுக்கு ஒரு மூஞ்சி, நிழலுக்கு ஒரு மூஞ்சின்னு காட்டுச்சுன்னா அது தங்கமில்ல, தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கணும். அந்த மாதிரி ரெண்டு மூஞ்சிக்காரி ஒருத்தியத்தான் நான் இப்பப் பாக்கப் போறேன்.

கண்டக்டர் தம்பி! கோயமுத்தூர் வண்டி கூடலூர்ல எப்ப எடுப்பான்? பத்தரையா? நாம போயிருவோமா? போயிருவோம்னு சொல்லுய்யா, அதென்ன தோளைக் குலுக்குற.

தெய்வானைன்னு பேரு சார். இன்னைக்கு ஊரைவிட்டே போறா. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், வந்து கூட்டிட்டுப் போறான். முந்துன பஸ்லயே ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க, எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுச்சு. அந்தக் கோயமுத்தூர் வண்டி கெளம்புறதுக்குள்ள நான் போய் அவ முன்னாடி நிக்கணும். எதுக்குன்னு கேளுங்க. வழியனுப்பவா? நல்லா வழியனுப்புனேன் போங்க! அவ வாயால ஒரு வார்த்தை வரணும். 'ஆமா மருதாயி, உன் பங்கை நான் திருடுனேன்.' அவ்வளவுதான். அதைக் கேட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்கு வந்துருவேன். அந்த ஒரு வார்த்தை கேக்காம அவளை அனுப்பிட்டேன்னா, நான் சாகுற வரைக்கும் இது நெஞ்சுக்குள்ளயே கெடந்து கொடையும்.

மருதாயின்னா நான்தான். பந்தலூருக்கு மேல எஸ்டேட்டு லயத்துல, அந்த வரிசை வீட்டுல ஒண்ணு எங்க வீடு. எங்க அப்பா அம்மா சிலோன்லருந்து வந்து இங்க தேயிலையில வேலைக்குச் சேந்தவங்க. தெய்வானை வீடும் அப்படித்தான். ஒரே லயம், நடுவுல ஒரு சுவரு. நான் இந்தப் பக்கம் இருமுனா அவ அந்தப் பக்கம் சுக்குத்தண்ணி வைப்பா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல கொழுந்துக்கூடை மாட்டுனவங்க. என் மக சுகந்தி பொறந்தப்ப எனக்குப் பால் ஊறல, அவதான் தன் பையனுக்குக் குடுத்த மாரை என் புள்ளைக்கும் குடுத்தா. சொல்லணும்ல, அதையும் சொல்லணும். அப்படிப்பட்டவ பண்ணுனதாலதான் இவ்வளவு வலிக்குது. வேற எவளாச்சும் பண்ணியிருந்தா ரெண்டு வசவு வஞ்சுட்டு விட்டிருப்பேன்.

இருங்க, உங்க கல்லை விட்டுட்டேன். இந்தா, என் வளையல்ல ஊக்கு தொங்குது. இந்த மஞ்சப் பொட்டுல முனைய வச்சு அழுத்துங்க. இன்னும் நல்லா. என்ன ஆச்சு? பொடிப்பொடியா உதிருதா? தங்கம் உதிராது சார். ஈயம் மாதிரி எடம் குடுக்கும், குத்துன எடத்துல குழி விழும். சிலது செதிலு செதிலா உரிஞ்சு வரும், அது காக்காப்பொன்னு. புதுசா வர்றவங்க எல்லாரும் காக்காப்பொன்னைப் பாத்துட்டுத்தான் மொத நாள் குதிப்பாங்க. நானும் குதிச்சிருக்கேன். மடியில அள்ளிக் கட்டிட்டு வந்தேன், தெய்வானை சிரிச்சு சிரிச்சு அவளுக்கு விக்கலே வந்துருச்சு.

கல்லு பொறுக்க எப்படிப் போனோம்னு சொல்றேன். எங்க வீட்டுக்காரரு எஸ்டேட்டுல சவுக்கு மரத்துக் கெளை வெட்ட ஏறுனவரு, கீழ விழுந்து இடுப்பு போச்சு. அன்னைக்குப் படுத்தவரு, இன்னைக்கு வரைக்கும் படுக்கைதான். சுகந்தி அப்ப நர்சிங் படிக்கணும்னு நிக்கிறா. வீட்ல அடுப்பு எரியிறது பெரும்பாடு. லயத்துல எல்லாரும் சேந்து அரிசி பருப்பு எண்ணெய்னு வசூல் பண்ணிக் கொண்டாந்து வாசல்ல வச்சாங்க. தெய்வானைதான் அதுக்கு முன்ன நின்னவ. நான் என்ன பண்ணேன் தெரியுமா? பையைத் தூக்கி அவ கையிலயே திருப்பிக் குடுத்தேன். 'எம் புருசன் இன்னும் செத்துப் போகல, கருமாதி அரிசி வாங்குறதுக்கு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். நான் அப்படித்தான் சார். பட்டினி கெடப்பேன், யார்கிட்டயும் கை நீட்ட மாட்டேன். அவ அந்தப் பையைத் தூக்கிட்டுப் போனப்ப கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனா. துடைக்கட்டும்னு விட்டுட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் வந்தா. 'எந்திரிடி, கல்லு பொறுக்கப் போலாம். எங்க அண்ணன் எனக்குக் கல்லு பாக்கக் கத்துக் குடுத்திருக்கு, உனக்கும் சொல்லித் தர்றேன். பாதிப் பாதி. ஒழைச்சு எடுக்குறதுதானே, இதுல தர்மம் ஒண்ணும் இல்லையே'ன்னா. அது நியாயமாப் பட்டுச்சு, கெளம்பிட்டேன்.

தேவாலா பக்கம் வெள்ளைக்காரன் காலத்துல தோண்டுன தங்கச் சுரங்கம் கெடக்கு சார். ஆம்பளைங்க திருட்டுத்தனமா உள்ள எறங்குவாங்க. செத்தவங்களும் உண்டு, நீங்க அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க. நாங்க பொம்பளைங்க உள்ள போக மாட்டோம். வெளிய அந்தக் காலத்துல கொட்டிட்டுப் போன கல்லு மலையாக் கெடக்கும், அதுல பொறுக்குவோம். அதுவும் தப்புதான், போலீசு வந்தா ஓடுவோம். எல்லாக் கல்லையும் எடுக்கக் கூடாது. வெள்ளைக் கல்லா இருக்கணும், அதுல துருப்புடிச்ச மாதிரி செவப்பு ஓடியிருக்கணும், அங்கங்க பூச்சி அரிச்ச மாதிரி ஓட்டை இருக்கணும். அப்படிப்பட்ட கல்லுலதான் தங்கம் ஒளிஞ்சிருக்கும். அதுவும் பத்துக் கல்லுல ஒண்ணுல இருந்தாப் பெரிய விசயம்.

இப்பத்தான் முக்கியமான சங்கதி. அந்த மேட்டுல ஒரு முறை இருக்கு. பொறுக்குன கல்லை அங்க வச்சுப் பாக்கவே கூடாது. உடைக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, ஊக்கு வச்சுக் குத்தக் கூடாது. பாத்துட்டா சண்டை வரும்ல? முன்னாடி ஒரு தடவை அப்படிப் பாத்து, அண்ணந்தம்பி ரெண்டு பேரு சம்மட்டியத் தூக்கிட்டாங்களாம். அதுலருந்து பாக்காமதான் பங்கு. கல்லை ரெண்டு குவியலாக் குவிக்கணும். ஒருத்தி திரும்பி நின்னுக்கணும். இன்னொருத்தி ஒரு குவியலைத் தொட்டுட்டு, 'இது யாருக்கு?'ன்னு கேப்பா. திரும்பி நிக்கிறவ 'எனக்கு'ங்கணும், இல்லன்னா 'உனக்கு'ங்கணும். ஆத்துல மீன் புடிச்சாப் பங்கு போடுவாங்கல்ல, அதே மாதிரி. அப்புறம் அவங்கவங்க சாக்கைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயி, அவங்கவங்க இடிச்சுக் கழுவிக்கணும். யாருக்கு என்ன கெடச்சதுன்னு கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. சாமி குடுத்தது சாமிக்கும் உனக்கும் மட்டும்.

எங்க ரெண்டு பேருல குவிக்கிறது தெய்வானை, திரும்பி நிக்கிறது நானு. அவதான் அப்படி வச்சா. 'நீ போயி ஓடையில மூஞ்சி கழுவிட்டு வா, நான் குவிச்சு வைக்கிறேன்'னு சொல்லுவா. நான் வந்து அங்க ஒரு பலாமரம், அதைப் பாத்து நின்னுக்குவேன். 'இது யாருக்கு?' 'எனக்கு!' முடிஞ்சது. சாக்கைக் கட்டுவோம், கெளம்புவோம்.

என்ன சார் முறைக்கிறீங்க? கல்லைப் பாக்குறீங்களா என்னையப் பாக்குறீங்களா?

என் கைராசியக் கேளுங்க. கைராசின்னு சொல்றதா வாய்ராசின்னு சொல்றதா, நான் எனக்குன்னு சொன்ன குவியல்ல தங்கம் இல்லாம இருந்ததே கெடையாது. வீட்டுக்கு வந்து உரல்ல போட்டு இடிப்பேன். மாவு மாதிரி இடிக்கணும், கை கொப்பளிச்சுப் போகும். இடிக்கும்போதே தெரியும், மத்த மினுக்குறதெல்லாம் நொறுங்கித் தூளாப் போயிரும், தங்கம் மட்டும் நொறுங்காம நசுங்கும், தகடா ஆகும். அப்புறம் மரத்தட்டுல போட்டுத் தண்ணி விட்டு அலசணும். இப்படி, இப்படி, மெதுவா, வட்டமா. இருக்குறதுலயே கனமானது தங்கம்தான், அது அடியில தங்கும், மத்ததெல்லாம் தண்ணியோட போயிரும். கடைசியில தட்டு ஓரத்துல ஒரு மஞ்சக் கீத்து நிக்கும் பாருங்க, அதைப் பாக்கும்போது ஒடம்பெல்லாம் சிலிர்க்கும். சில பேரு பாதரசம் ஊத்தி அடுப்புல வைப்பாங்க, அந்தப் புகை நெஞ்சுக்குள்ள போனா ஆளையே முடிச்சிரும். நீங்க அதையெல்லாம் செய்யாதீங்க.

கூடலூர்ல ஒரு ஆசாரி வாங்குவாரு. திராவகம் ஊத்திப் பாப்பாரு, நொரைச்சுப் பச்சையானா பித்தளை, அப்படியே இருந்தா தங்கம். என்னோடது எப்பவும் அப்படியே இருக்கும். 'மருதாயி வந்தா மகாலட்சுமி வந்த மாதிரி'ன்னு சொல்லி எனக்குத் தனியா ஸ்டூலு போடுவாரு. நான் சொல்லாட்டியும் ஆசாரி வாய் வழியா சேதி பரவி, மேட்டுல மத்த பொம்பளைங்க சாக்கைக் கட்டுறதுக்கு முன்ன என் கையால ஒரு தடவை தொடச் சொல்லிக் கேப்பாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனச்சுப் பாருங்க. புருசன் படுத்துட்டான், இனிமே இவ கெட்டா, பிச்சைதான் எடுப்பான்னு பேசுன வாயெல்லாம் மூடிக்கிச்சு. சுகந்திய நர்சிங் படிக்க வச்சேன். யார் தயவும் இல்ல, என் ராசி, என் ஒழைப்பு. இன்னைக்கு அவ கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா.

ஏன்ப்பா வண்டி நின்னுருச்சு? வளைவுல லாரியா? ரெண்டும் எதிரெதிரா வந்து மாட்டிக்கிச்சா? நாசமாப் போக! அந்த டிரைவரைக் கொஞ்சம் பின்னாடி எடுக்கச் சொல்லுய்யா! சார், மணி என்ன ஆச்சு? இன்னும் நேரம் இருக்கா? சரி. இருக்கும். நாடுகாணி தாண்டிட்டா அப்புறம் எறக்கந்தான்.

எங்க விட்டேன்? ஆங். போன மழைக்கு முந்துன மழை முடிஞ்ச சமயம். அன்னைக்கும், 'போடி, மூஞ்சி கழுவிட்டு வா'ன்னா. போனேன். ஓடையில யாரோ மாடு கழுவிட்டிருந்தான், தண்ணி கலங்கலாக் கெடந்துச்சு, கழுவாமத் திரும்பிட்டேன். புதரைத் தாண்டி வர்றேன், சார், என் ரெண்டு கண்ணால பாத்தேன். குத்த வச்சு உக்காந்திருக்கா. ஒரு கல்லை எடுக்குறா, நாக்கால நக்குறா. நனைஞ்சாத்தான் நெறம் தெரியும், அதுக்காக. நக்கிட்டு வெயில்ல திருப்புறா, அப்புறம் உள்ளங்கையால நிழல் கட்டிப் பாக்குறா, நான் இப்ப உங்க கல்லுக்குப் பண்ணுனேனே, அதே மாதிரி. பாத்துட்டு இந்தக் குவியல்ல ஒண்ணு, அந்தக் குவியல்ல ஒண்ணுன்னு பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறா. முறுக்கு சுடுறவ நல்லது ஒடைஞ்சதுன்னு பிரிப்பால்ல, அந்த மாதிரி. பழகுன கை. ஒரு நாள்ல வந்த வேலை இல்ல அது.

அடிப்பாவி, இத்தன வருசமா என்னைய மரத்தைப் பாக்க வச்சுட்டு நீ இதைத்தான் பண்ணிட்டிருந்தியா! போனேன், ரெண்டு குவியலையும் காலால எத்துனேன். போட்டேன் பாருங்க ஒரு சத்தம், மேடு பூரா கூடிருச்சு. 'பாத்தியா இல்லையா சொல்லுடி'ன்னேன். 'பாத்தேன்'னா. 'எத்தன நாளா?' 'மொதல்லருந்தே.' கேட்டீங்களா, மொதல்லருந்தேயாம்! கூசாமச் சொல்றா. 'எதுக்குடி பாத்த?' அதுக்கு மட்டும் வாயத் தொறக்கல. எல்லாரும் மாத்தி மாத்திக் கேட்டாங்க. என்னையப் பாக்குறா, கூட்டத்தப் பாக்குறா, தலையக் குனிஞ்சுக்கிறா. நான் காறித் துப்புனேன். திருடின்னேன். என் புள்ளைக்குப் பால் குடுத்த மாரு அழுகிப் போயிரும்னேன். ஆமா சொன்னேன், ஆத்திரத்துல வந்துருச்சு.

முறைய மீறுனவ மேட்டுக்கு வரக் கூடாது. அன்னைக்கே வெரட்டிட்டாங்க. லயத்துல அவ வீட்டுப் பக்கம் பாக்குற ஜன்னலுக்கு நான் அட்டை வச்சு அடைச்சேன். அவ மறுபடி கொழுந்துக்கே போனா. மொழங்கால் வீங்கி, நடக்க முடியாம, கங்காணிகிட்டப் பேச்சு வாங்கி வாங்கி ஒரு வழியா ஆயிட்டா. அதான் மகன் வந்து கூட்டிட்டுப் போறான்.

என்ன கேட்டீங்க? வசதியா இருந்தாளாவா? அதான் சார் அவளோட அழுத்தம்! அவ்வளவு எடுத்தவ ஒரு மூக்குத்தி வாங்கிப் போட்டுக்கல. அதே ரெண்டு சீலைதான், அதே ஒழுகுற கூரைதான். மகனைப் படிக்க வைக்காம பனியன் கம்பெனிக்கு அனுப்புனா. காதுல கெடந்த தோட்டையும் வித்துட்டுக் குச்சியச் சொருகிட்டுத் திரிஞ்சா. வெளிய தெரியக் கூடாதாம்! எங்க பதுக்குனாளோ, யாருக்குச் சேத்து வச்சாளோ, இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. ஆசாரிகிட்டக்கூட விசாரிச்சேன். 'அந்தம்மா எப்பவாச்சும் ஒரு கடுகளவு கொண்டாரும், பாவம்'னாரு. பாவமாம்! வேற கடையில போட்டிருப்பா, அவளுக்குத் தெரியாதா?

அவ போனதுக்கப்புறமா? அதையேன் கேக்குறீங்க. அவ கண்ணு பட்டு என் ராசியே போச்சு. பிலோமினான்னு ஒருத்தியக் கூட்டுச் சேத்துக்கிட்டேன். நல்ல பொண்ணு, கள்ளமே தெரியாது, கண்ணை மூடிட்டுக் குவிப்பா. அதே பலாமரம், அதே நானு. இடிச்சு இடிச்சுக் கையில ரேகை அழிஞ்சதுதான் மிச்சம். தட்டுல வெறும் கருமணல் நிக்குது. ஆசாரி இப்ப ஸ்டூலு போடுறதில்ல. நல்லவேளை சுகந்தி படிப்பு அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. திருடுனது பத்தாதுன்னு, போறப்ப என் ராசியையும் கட்டித் தூக்கிட்டுப் போயிட்டா.

அப்பாடா, லாரி நகருது. போ, போ, அமுத்துய்யா.

ஆமா, எப்பவும் எனக்குன்னுதான் சொல்வேன். ஏன் கேக்குறீங்க? 'இது யாருக்கு'ன்னு ஒருத்தி கேட்டா வாயில மொதல்ல என்ன வரும்? 'எனக்கு'ன்னுதானே வரும்? ஒரு தடவகூட உனக்குன்னு சொன்னதா ஞாபகம் இல்ல. தெய்வானைகூடக் கேலி பண்ணுவா. 'உன்னையத் தூக்கத்துல எழுப்பி எமன் வந்திருக்கான், பாசக்கயிறு யாருக்குன்னு கேட்டாக்கூட எனக்குன்னுதான்டி சொல்லுவ'ம்பா. அவளுக்கு அது நல்லாத் தெரியும். கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிப்பா.

ம்? தெரியும்னா... தெரியும். அதுல என்ன சார் இருக்கு?

என்னது?

இல்ல, அவதான் தொடுவா. ஆமா, ஒண்ணைத்தான் தொடுவா. அவ மொதல்ல எதைத் தொடுறாளோ அது எனக்கு. மிச்சம் அவளுக்கு. அவ எதைத் தொடுறான்னு எனக்கு எப்படித் தெரியும், நான் மரத்தைப் பாத்துல்ல நிக்கிறேன். அவ எல்லாத்தையும் நக்கிப் பாத்துப் பிரிச்சு வச்சிருக்கா, நல்லதை ஒரு பக்கம், மட்டத்தை ஒரு பக்கம். அவளுக்கு நல்லது வேணும்னா மட்டத்தைத் தொட்டுட்டு யாருக்குன்னு கேட்டிருப்பா. நான் எனக்குன்னு சொல்லியிருப்பேன். எனக்கு மட்டம் வந்திருக்கும்.

எனக்கு மட்டம் வரலையே சார்.

இருங்க. பேசாதீங்க.

அதெப்படி? அப்படி இருக்காது. நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்கு அவளத் தெரியாது. அவ... ஆசாரி பாவம்னாருல்ல. காதுல குச்சி. மகனை ஏன்டி படிக்க வைக்கலன்னு நான்தான் அவளத் திட்டுனேன். 'உன் ராசி எனக்கு இல்லையேடி'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே சொன்னா சார்! பக்கத்துல உக்காந்து, என் வீட்டு உரல்ல நான் கல்லு இடிக்கிறதப் பாத்துக்கிட்டே, நான் போட்ட டீயக் குடிச்சுக்கிட்டே சொன்னா.

அப்ப என் ராசின்னு ஒண்ணு இல்லவே இல்லையா? அத்தன பொம்பளைங்க என் கையால தொடச் சொல்லி வாங்கிட்டுப் போனாளுங்களே. யார் தயவும் இல்லாமப் படிக்க வச்சேன்னு சுகந்திக்கு வேலை கெடச்ச அன்னைக்கு லயம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே, அவ வாசல்ல நின்னும் சொன்னேனே! அந்த அரிசிப் பையை மறுபடி என் வீட்டு வாசல்ல வச்சுட்டா சார் அவ. நான் தூக்கி எறிஞ்சிரக் கூடாதுன்னு கல்லா மாத்தி வச்சுட்டா. வருசக்கணக்கா வச்சிருக்கா, நான் நெஞ்ச நிமித்திட்டு அள்ளிட்டிருந்திருக்கேன். திருடியிருந்தாக்கூட நான் தாங்கிக்குவேன். இப்படி என்னைய முட்டாளாக்கி, எனக்கே தெரியாம என்னையப் பிச்சைக்காரியாக்கி... இது துரோகம் இல்லையா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க, இது துரோகம் இல்லையா?

அன்னைக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல? கூட்டமே கேட்டுச்சே எதுக்குப் பாத்தன்னு. 'அவளுக்கு நல்ல கல்லா எடுத்து வைக்கத்தான்'னு ஒரு வார்த்தை. என்ன ஆயிருக்கும் சொன்னா? மேட்டுல எல்லாரும் என்னையப் பாத்திருப்பாங்க. இவளா ராசிக்காரின்னு சிரிச்சிருப்பாங்க. ஆமா. சிரிச்சிருப்பாங்க. அதுக்குத்தான் குனிஞ்சுக்கிட்டாளா? நான் துப்புனேன் சார். எச்சி அவ கன்னத்துல வழிஞ்சது, அவ தொடைக்கக்கூட இல்ல.

இந்தாங்க, உங்க கல்லைப் புடிங்க.

கூடலூரா? வந்துருச்சா? எங்க, எங்க கோயமுத்தூர் வண்டி? அதானே? ஐயோ, நகருது சார்! தம்பி, விசிலடி, நிறுத்தச் சொல்லு! கொஞ்சம் வழிய விடுங்க, படிக்குப் போயிர்றேன். கூட்டத்துல எப்படிப் போறது, தள்ளுங்களேன்! சரி, ஜன்னலுக்கே வர்றேன், நீங்க தலைய எடுங்க. அந்தா, அவதான், மகனுக்குப் பக்கத்துல, பச்சைச் சீலை. தெய்வானே! ஏ தெய்வானே! இங்க பாருடி!

பாத்துட்டா. பாத்துட்டா சார். ஏன்டி எங்கிட்ட சொல்லல? ஏன்டி பாவி, எங்கிட்ட ஏன்டி சொல்லல?

போயிருச்சு.

தலைய ஆட்டுனா, பாத்தீங்கல்ல? நீங்களும் பாத்தீங்கதானே? ஆர்ன் சத்தத்துல நான் சொன்னது அவளுக்குக் கேட்டுச்சா சார்? இல்ல, நான் இன்னும் திருடின்னுதான் கத்துறேன்னு நெனச்சுட்டுப் போறாளா?